பழைய புத்தகத்தில் ஆர்ட் ஜர்னல்: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கும்போது பெற்றோரும் ஆசிரியர்களும் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறோம்.

ஆர்ட் ஜர்னல்னா என்ன சார்? டைரியா, டிராயிங் நோட்டா?

இரண்டும் கலந்தது. அச்சான ஒரு பழைய புத்தகத்தை எடுத்து, அதன் பக்கங்கள் மேலேயே வண்ணம் பூசுவது, படம் ஒட்டுவது, எழுதுவது, சில வரிகளை மறைத்துச் சிலவற்றை விட்டுவைப்பது. வெள்ளைத் தாளைக் கண்டால் "எனக்கு வரையத் தெரியாது" என்று பேனாவை மூடிவிடும் பிள்ளைகூட, ஏற்கெனவே எழுத்து நிறைந்த பக்கத்தில் துணிந்து கை வைக்கும். அந்தப் பக்கத்தை இனிமேல் கெடுக்க ஒன்றும் இல்லையே.

இது இன்ஸ்டாகிராம்ல வந்த புது ட்ரெண்டுதானே?

இல்லை. 1769-இல் ஜேம்ஸ் கிரேஞ்சர் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் ஒரு வரலாற்று நூல் வெளியிட்டார். அதை வாங்கியவர்கள் வேறு இடங்களில் கிடைத்த உருவப்படங்களைக் கொண்டுவந்து அதற்குள் சேர்த்துத் தைப்பதை ஒரு பொழுதுபோக்காகவே வளர்த்தார்கள். 1966-இல் லண்டன் ஓவியர் டாம் பிலிப்ஸ் மூன்று பென்ஸ் கொடுத்து ஒரு பழைய நாவலை வாங்கி, அதன் ஒவ்வொரு பக்கத்தின் மேலும் வரையத் தொடங்கினார். அந்த ஒரே நாவலைத் திரும்பத் திரும்பத் திருத்தி ஐம்பது ஆண்டுகள் வேலை பார்த்தார்.

மக்களே, புஸ்தகத்தக் கிழிக்கது பாவமில்லியா? காலு பட்டாலே தொட்டுக் கும்பிடுவமே.

ஒவ்வொரு நவராத்திரிக்கும் பத்மநாபபுரத்தில் இருந்து சரஸ்வதி அம்மன் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளும் மாவட்டம் இது. பாட்டிமார் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். சிரித்து ஒதுக்காதீர்கள், பதில் சொல்லுங்கள். நாங்கள் எடுப்பது அரைத்துக் கூழாக்கப் போகிற புத்தகத்தை. பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்ட காலாவதியான வழிகாட்டி, பத்துப் பிரதி கிடக்கும் விலைபோகாத நாவல், பயன்படாத சட்டத் தொகுப்பு போன்றவை. வேதநூல், பூஜைப் புத்தகம், ஞானப்பாட்டுப் புத்தகம் எந்த மதத்தினுடையதாக இருந்தாலும் தொடுவதில்லை என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள். அதைச் சொன்னதும் பாதி எதிர்ப்பு அடங்கிவிடும்.

தாத்தா வச்சிருந்த மலையாளப் புத்தகம் ஒரு பெட்டி நிறைய கிடக்கு. எங்க வீட்ல யாருக்கும் வாசிக்கத் தெரியாது. அத எடுக்கலாமா?

அவசரப்படாதீர்கள். 1956 நவம்பர் 1 வரை இந்த மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. ஆகவே விளவங்கோடு, கல்குளம் பக்கத்து வீடுகளில் திருவிதாங்கூர் காலத்து அச்சு நூல்களும் பத்திரங்களும் கிடப்பது சாதாரணம். வாசிக்கத் தெரியாது என்பதால் மதிப்பில்லை என்று ஆகிவிடாது. மலையாளம் தெரிந்த ஒருவரிடம் பெயர்ப்பக்கத்தைக் காட்டுங்கள். கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டுக்கணக்கு, அச்சிட்டிருந்தால் 825 கூட்டினால் கிட்டத்தட்ட ஆங்கில ஆண்டு வரும்.

வெட்டக்கூடாதவை: 1950-க்கு முன் அச்சானவை, ஓலைச்சுவடி, கையெழுத்துப் படி, பிறப்பும் திருமணமும் ஞானஸ்நானமும் குறித்துவைத்த குடும்ப பைபிள், ஓரத்தில் தாத்தாவின் கையெழுத்துக் குறிப்பு உள்ளவை, 'நீக்கப்பட்டது' முத்திரை இல்லாத நூலகப் புத்தகம். சந்தேகம் வந்தால் பத்துப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து அதை ஒட்டிக்கொள்ளட்டும். மூலம் பெட்டிக்கே திரும்பட்டும்.

கடையில நூறு புத்தகம் குவிச்சுப் போட்டிருக்கான். எத எடுக்கது?

முதலில் முதுகின் மேல்முனையைப் பாருங்கள். தாள்கள் சிறுசிறு கட்டுகளாக மடிந்து வளைவு வளைவாகத் தெரிந்தால் அது தைத்த புத்தகம். ஒரு கட்டின் நடுவைப் பிரித்தால் நூல் தெரியும். அதை எடுங்கள். தாள் முனைகள் ஒரே தட்டையாகப் பசையில் முடிந்தால் அது ஒட்டுப் புத்தகம்.

அடுத்தது மடிப்புச் சோதனை. ஒரு பக்கத்தின் மூலையை முன்னும் பின்னும் மடியுங்கள். மூன்று முறைக்குள் முறிந்து கையோடு வந்தால் அந்தத் தாள் ஈரம் தாங்காது. பழைய மலிவுப் பதிப்புகள் மரக்கூழில் உள்ள லிக்னின் என்ற பொருளால் பழுத்து இப்படித்தான் ஆகும். கடைசியாக மணம். மக்கிய வாடை அடித்தால், பக்கத்தில் வெள்ளை அல்லது பச்சைப் பொடி இருந்தால் எவ்வளவு அழகான அட்டையாக இருந்தாலும் வேண்டாம். பூசணம் பக்கத்துப் புத்தகத்துக்கும் போகும், ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு மூச்சும் முட்டும்.

கெட்டி அட்டை, 200 முதல் 300 பக்கம், நோட்டுப் புத்தக அளவு. ஆரம்பிக்கிற பிள்ளைக்கு இதுதான் சரி. வழவழப்பான ஆர்ட் பேப்பர் புத்தகத்தைத் தவிர்க்கவும். அதன் மேல் களிமண் பூச்சு உண்டு, நனைந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு பிரியவே பிரியாது.

எங்கிட்ட ஒட்டுப் புத்தகம்தான் இருக்கு. தூக்கிப் போடணுமா?

வேண்டாம், ஆனால் அடிப்புத்தகமாக வைக்காதீர்கள். பழைய பசை இறுகி, விரித்து அழுத்தும்போது வெடிக்கும். பத்துப் பக்கம் ஒட்டியதும் கொத்தாகக் கழன்று வரும். ஓரத்தில் துளை போட்டுத் தைக்கலாம், ஆனால் அப்புறம் புத்தகம் தட்டையாக விரியாது. அதை ஒட்டுவதற்கான தாள் கிடங்காக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வகுப்புக்கு இரண்டு மூன்று அப்படி இருந்தால் நல்லதுதான்.

பக்கத்தக் கிழிச்சு எடுக்கணும்னு சொல்றீங்க. எத்தன? எதுக்கு?

ஒட்ட ஒட்டப் புத்தகம் தடிக்கும், முதுகு மட்டும் பழைய அகலத்திலேயே இருக்கும். முடிவில் முதலை வாய் திறந்த மாதிரி நிற்கும், முன்னட்டை கிழியும். அதனால் முதலிலேயே இடம் விட வேண்டும். 100 தாள் இருந்தால் 40 முதல் 50 தாள் வரை எடுங்கள். பொருள் நிறைய ஒட்டுகிற பிள்ளை என்றால் 50.

கிழிக்கக்கூடாது, வெட்ட வேண்டும். தைத்த புத்தகத்தில் ஒவ்வொரு தாளும் மடிப்பின் மறுபக்கத்தில் இன்னொரு தாளோடு ஒன்றாக இருக்கிறது. ஒன்றை வேரோடு பிடுங்கினால் அதன் ஜோடி நாளைக்குத் தானாக விழும். பின்னால் ஒரு அட்டையைக் கொடுத்து, இரும்பு ஸ்கேல் வைத்து, தையலில் இருந்து ஒன்றரை சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள். தையலோடு மிஞ்சும் அந்த ஓரத்துக்கும் வேலை உண்டு: ஒட்டும் பொருளின் தடிமனை முதுகுப் பக்கத்தில் அதுவே ஈடுகட்டும். ஒரே இடத்தில் ஐந்தாறு வெட்டாமல், ஒன்று விட்டு ஒன்று என்று பரவலாக எடுக்கச் சொல்லுங்கள்.

எந்தப் பசை நல்லது? வீட்ல மைதா காய்ச்சலாமா?

வெள்ளைப் பசைதான், அதாவது ஃபெவிகால் வகை. மூன்று பங்கு பசைக்கு ஒரு பங்கு தண்ணீர். மைதாப் பசை மலிவு, தாளுக்கும் இதம். ஆனால் இராமபாணப் பூச்சிக்கு அது விருந்து, நம் ஊர் ஈரத்தில் பூசணத்துக்கும்தான். பழைய பைண்டர்கள் பூச்சிக்காக அதில் மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், பிள்ளைகள் கை வைக்கும் பசையில் சேர்க்கவே கூடாது. மைதாதான் கைக்கு வரும் என்றால் ஒரு பங்கு மாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர் விட்டுக் கட்டி தட்டாமல் காய்ச்சி, ஆறியபின் இரண்டு துளி கிராம்புத் தைலம் விட்டு, அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.

பசைக் குச்சி சுத்தமாக இருக்கும், சுருங்காது. ஆனால் ஓரங்கள் ஆறு மாதத்தில் எழும்பும். டிக்கெட், ரசீது போன்ற சிறு துண்டுக்கு மட்டும் போதும். பச்சைத் தண்ணீராக இருக்கும் கோந்து வேண்டவே வேண்டாம்.

ஒட்டினா பக்கம் எல்லாம் அப்பளம் மாதிரி சுருங்குதே டீச்சர்?

பசை அதிகம், அல்லது உலர்வதற்கு முன் அழுத்தம் இல்லை. தாள் நனையும்போது விரிகிறது, உலரும்போது சுருங்குகிறது. ஒரு தாள் மட்டும் அதைத் தாங்காது. அதனால் இரண்டு அல்லது மூன்று தாளைச் சேர்த்து ஒட்டி ஒரு கெட்டிப் பக்கமாக்குவதுதான் முதல் வேலை. ஒரு இஞ்ச் பிரஷ்ஷால் நடுவில் இருந்து வெளியே மெல்லிசாகத் தடவி, பழைய ஏடிஎம் கார்டால் மிச்சப் பசையை வழித்து, மேல் தாளை வைத்துக் கரண்டி முதுகால் நடுவில் இருந்து ஓரத்துக்குத் தேய்க்கவும். இரு பக்கமும் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் உறையைச் செருகி, புத்தகத்தை மூடி, மேலே இரண்டு செங்கலோ அம்மிக்குழவியோ வைத்து ஒரு இரவு விடவும். சுருக்கம் முக்கால் பங்கு போய்விடும். மிச்சம் இருக்கட்டும், பழைய புத்தகத்துக்கு அது அழகுதான்.

ஜெஸ்ஸோ விலை கூடுதலா இருக்கே. வேற வழி இல்லியா?

ஜெஸ்ஸோ என்பது வண்ணத்துக்கு முன் அடியில் பூசும் வெள்ளைப் பூச்சு. அதற்குப் பதில் பெயின்ட் கடையில் கிடைக்கும் தண்ணீரில் கரையும் வெள்ளை வால் ப்ரைமர் போதும். மூன்று பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர், மெல்லிய இரண்டு கோட். முதல் கோட் உலர்ந்தபின் மற்றது. அச்செழுத்து முழுக்க மறையக்கூடாது, ஆவி மாதிரி அடியில் தெரிந்தால் பக்கம் உயிரோடு இருக்கும். எண்ணெய் ப்ரைமரை மாற்றி வாங்கிவிடாதீர்கள். வாடை போகாது, தாளும் மஞ்சளாகும்.

மேலே பூச அக்ரிலிக் நல்லது. போஸ்டர் கலர் மலிவு, ஆனால் உலர்ந்தபின்னும் கை பட்டால் ஒட்டும், அடுத்த ஈரத்தில் கரைந்து ஓடும். ஸ்கெட்ச் பேனா மையும் அப்படியே: அதன் மேல் பசை தடவினால் ஊதா ஆறு ஓடும். ஆயில் பேஸ்டல் என்றைக்கும் முழுக்க உலராது. அந்தப் பக்கத்துக்கு எதிரே பட்டர் பேப்பர் வையுங்கள்.

மழை சீசன்ல பக்கம் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு. பிரிச்சா பெயின்ட் பேர்ந்து வருது.

நம் ஊரில் இதுதான் பெரிய தலைவலி. ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவம், அக்டோபரில் தொடங்கும் வடகிழக்கு, இரண்டுமே இங்கே பெய்யும். போதாததற்குக் குளச்சல், முட்டம் கரையில் உப்புக் காற்று. அக்ரிலிக் என்பது ஒரு பிளாஸ்டிக். தொட்டால் உலர்ந்த மாதிரி இருக்கும், ஆனால் சூட்டிலும் அழுத்தத்திலும் இன்னொரு அக்ரிலிக் பரப்போடு ஒட்டிக்கொள்ளும். மேலே சொன்ன செங்கல் அழுத்தம் பசைக்கு மட்டும்தான், வண்ணம் பூசிய பக்கத்துக்குச் செய்யக்கூடாது.

மழை மாதங்களில் ஒரு வகுப்பில் இரண்டு விரிபக்கத்துக்கு மேல் நனைக்க வேண்டாம். முடிந்ததும் புத்தகத்தைக் கூடாரம் போல் விரித்து நிறுத்தி ஃபேன் காற்றில் ஒரு நாள் முழுக்க விடுங்கள். ஹேர் டிரையர் வண்ணத்துக்குச் சரி, ஈரப் பசை மேல் அடித்தால் கொப்புளம் கிளம்பும். நன்றாக உலர்ந்தபின் வெள்ளை மெழுகுவர்த்தியைப் பக்கம் முழுக்க லேசாகத் தேய்த்து, துணியால் மினுக்கிவிட்டால் பெரும்பாலும் ஒட்டாது. மெழுகு தேய்த்த பிறகு அதன் மேல் எதுவும் எழுதவோ ஒட்டவோ முடியாது என்பதால், பக்கம் முடிந்துவிட்டது என்று பிள்ளை சொன்னபிறகுதான் தேய்க்க வேண்டும்.

இங்கிலீஷ்ல கறுப்பு மையால அழிச்சுக் கவிதை எடுக்காங்க. தமிழ்ல அது வரவே மாட்டேங்குது, ஏன்?

தமிழில் உருபுகள் சொல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 'வீட்டிலிருந்துதான்' என்ற ஒரே சொல்லில் நாலு சங்கதி. இங்கிலீஷில் மாதிரி முழுச்சொற்களைப் பொறுக்கினால் வேற்றுமை மோதும், வினைமுற்று ஆள் மாறி நிற்கும்: 'நான்' இருக்கும், 'சென்றார்கள்' இருக்கும், இரண்டும் சேராது. எனவே முழுச்சொல்லைப் பொறுக்காதீர்கள், சொல்லை உடையுங்கள். 'கடலோரத்தில்' என்பதில் 'கடல்' கிடையாது, ஆனால் 'கட' இருக்கிறது, 'ஓரத்தில்' என்பதை 'லோ' கெடுக்கிறது. 'மழைக்காலத்து' என்றால் 'மழை' சுத்தமாகக் கழன்று வரும். இப்படி எது உடையும், எது உடையாது என்று தேடுவதே பிள்ளைகளுக்கு இலக்கண வகுப்பைவிட நன்றாகப் புணர்ச்சியைப் புரியவைக்கிறது.

உரையாடல் நிறைந்த பக்கம் எளிது. வா, போ, இல்லை, ஏன், சரி என்று குட்டிச் சொற்கள் கிடைக்கும். முதலில் பென்சிலில் கட்டம் போட்டு, வரி வரியாகச் சத்தமாக வாசித்துப் பார்த்து, அப்புறம் மை. ஐந்து முதல் ஒன்பது சொல் போதும். மார்க்கர் மை பின்பக்கம் ஊறும், அதனால் முன்னமே இரட்டைத் தாளாக ஒட்டியிருக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல்: 1978-க்கு முன் அச்சான புத்தகத்தில் ணை, லை, ளை, னை எல்லாம் கொம்பு மேலே சுழித்த பழைய உருவத்திலும், ணா, றா, னா வேறு வடிவிலும் இருக்கும். எழுத்துச் சீர்திருத்த அரசாணை அந்த ஆண்டில்தான் வந்தது. பிள்ளைகள் அதை அச்சுப்பிழை என்பார்கள். ஒரு பக்கம் முழுக்க அந்தப் பழைய எழுத்துகளை மட்டும் வெட்டி ஒட்டச் சொல்லிப் பாருங்கள்.

போட்டோவ நேரடியா ஒட்டாம பக்கத்துல இறக்கலாம்னு சொன்னாங்க, எப்படி?

லேசர் பிரின்ட் அல்லது ஜெராக்ஸ் வேண்டும். இங்க்ஜெட் வேண்டாம், தண்ணீர் பட்டதும் கரைந்துவிடும். படத்தின் மேல் இரண்டு இஞ்ச் தெளிவான செல்லோ டேப்பை ஒட்டி, கரண்டி முதுகால் அழுத்தித் தேய்க்கவும். ஐந்து நிமிடம் தண்ணீரில் போட்டு, பின்பக்கத் தாளைப் பெருவிரலால் உருட்டி உருட்டி எடுத்தால் டேப்பில் மை மட்டும் நிற்கும். உலர்ந்தபின் வெள்ளைப் பசையால் ஒட்டலாம். படம் நேராகவே தெரியும்.

டேப் இல்லாமல், பக்கத்தில் பசை தடவிப் படத்தைக் கவிழ்த்து ஒட்டி மறுநாள் தேய்த்து எடுக்கும் முறையும் உண்டு. அதில் இடவலம் மாறும், தமிழ் எழுத்து இருந்தால் கண்ணாடியில் பார்த்த மாதிரி வரும். எதில் என்றாலும் அசல் குடும்பப் படத்தை வெட்ட விடாதீர்கள். பஸ்ஸில் கண்டக்டர் மெஷினில் தரும் டிக்கெட்டும் வெப்பத்தாள்தான். சில மாதத்தில் வெளுத்து வெறும் தாளாகிவிடும், அதையும் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டச் சொல்லுங்கள்.

பூ, மண்ணு, ரப்பர் பாலு, இதெல்லாம் ஒட்டலாமா?

தோவாளைப் பூவில் வாடாமல்லி அருமை. அதன் இதழே காய்ந்த தாள் மாதிரி, நிறம் நிற்கும். கேந்தியை முழுசாக அமுக்கினால் அழுகும், இதழ் இதழாகப் பிரித்துப் போடவும். அரளி நிறம் அழகு, செடி விஷம். தொட்டால் கை கழுவ வேண்டும். நியூஸ் பேப்பருக்குள் வைத்து, முதல் ஒரு வாரம் தினமும் தாள் மாற்றி, மொத்தம் மூன்று வாரம்.

கடற்கரை மணல் வேண்டாம். உப்பு ஈரத்தை இழுக்கும், மணல் எதிர்ப்பக்கத்தைச் சுரண்டும். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணலில் தோரியம் உள்ள மோனசைட் கலந்திருக்கிறது, அதைத் தூசியாகப் பறக்கவிட்டு விளையாட வேண்டாம். நிறம்தான் வேண்டுமென்றால் மேட்டுச் செம்மண்ணைத் துணியில் சலித்து வெள்ளைப் பசையில் குழைத்தால் நல்ல காவி கிடைக்கும். மஞ்சள்தூள் வெயிலில் வெளுக்கும்.

ரப்பர் பால் சுவாரசியமான பொருள். ஓவியக் கடையில் விற்கும் மறைப்புத் திரவமும் ரப்பர் பால் அடிப்படையில் வந்ததுதான். காலையில் வெட்டிய பாலை அன்று காலையிலேயே ப்ரைமர் அடித்த பக்கத்தில் கோடாக இழுத்து, உலர்ந்தபின் மேலே வண்ணம் பூசி, அன்றைக்கே விரலால் உருட்டி எடுத்தால் வெள்ளைக் கோடு மிஞ்சும். மறுநாள் வரை விட்டால் தாளோடு வரும். பிரஷ்ஷை முதலில் சோப்பில் முக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒட்டுப்பால் பிடித்துப் பிரஷ் குப்பைக்குத்தான். தோல் அரிக்கிற பிள்ளை தொட வேண்டாம், சட்டைக் கறை போகாது.

15 பிள்ளைக்கு என்னென்ன வாங்கணும்? எத்தன கிளாஸ்?

ஒன்றரை மணி நேரம் வீதம் ஆறு வகுப்பு. வெள்ளைப் பசை ஒரு கிலோ, ப்ரைமர் ஒரு லிட்டர், சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு, வெள்ளை அக்ரிலிக் ஒவ்வொன்றும் 200 மில்லி, ஒரு இஞ்ச் பிரஷ் 15, செல்லோ டேப் 3, பட்டர் பேப்பர் ஒரு சுருள். கட்டர் நாலு போதும். எண் எழுதிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள், வெட்டுவதற்குத் தனி மேசை. முதல் வகுப்பு முழுக்க வெட்டுவதும் ஒட்டுவதும்தான், வண்ணப் பாட்டிலைக் கண்ணில் காட்டாதீர்கள். காட்டினால் ஒருவரும் தாள் வெட்ட மாட்டார்கள்.

மகள் எழுதினதுக்கு மேல வெள்ளை அடிச்சு மூடிட்டா. ஏதோ மறைக்கா. நான் பிரிச்சுப் பார்க்கலாமா?

பார்க்க வேண்டாம். எழுதி மூடுவது இதில் ஒரு முறை. ஓரத்தை ஒட்டிப் பை போல் ஆக்கி உள்ளே சீட்டு வைப்பதையும் நாங்களே சொல்லித்தருகிறோம். யாராவது வாசிப்பார்கள் என்று தெரிந்தால் அந்தப் பிள்ளை அடுத்த பக்கத்தில் பூவும் வானவில்லும்தான் வரையும். ஆசிரியரும் கேட்காமல் பக்கம் புரட்டக்கூடாது, மதிப்பெண் போடக்கூடாது.

ஆனால் முதல் நாளிலேயே ஒரு நிபந்தனையைச் சொல்லிவிட வேண்டும்: "நான் வாசிக்க மாட்டேன். நீயே காட்டி, உனக்கோ வேறு பிள்ளைக்கோ ஆபத்து என்று எனக்குத் தெரிந்தால் ரகசியமாக வைக்க மாட்டேன்." தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் தெரிந்தால் பெற்றோரிடம் பேசுங்கள், மனநல உதவிக்கான 14416 டெலி-மானஸ் எண்ணிலும் கேட்கலாம். பாலியல் துன்புறுத்தல் என்று தெரிந்தால் 2012 போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம், ஆசிரியர் விருப்பம் அல்ல. குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

கண்காட்சி வைக்கலாமா? பிரின்ட் போட்டு விக்கலாமா?

கையால் செய்த அந்த ஒரே பிரதியை மேசையில் வைத்துக் காட்டுவதில் பிரச்சினை வருவது அரிது. எந்தப் பக்கம் திறந்திருக்க வேண்டும் என்பதைப் பிள்ளை தீர்மானிக்கட்டும், மற்றப் பக்கங்களை நாடாவால் கட்டிவிடுங்கள். பிரதி எடுத்து விற்பது வேறு விஷயம். இந்தியாவில் எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு, பத்திரிகையில் வெட்டிய படங்களுக்கும் உரிமையாளர் உண்டு. விற்க ஆசை இருந்தால் கால வரம்பு தாண்டிய நூலும் சொந்தப் படமும் கொண்டு தனியாக ஒன்று செய்யட்டும்.

பாதியில நிக்கு அண்ணே, இந்தப் புத்தகம் பிடிக்கல. வேற எடுக்கட்டா?

எடு. ஆனால் பழையதைத் தூக்கிப் போடாதே. உலர்ந்திருக்கிறதா பார்த்து, பட்டர் பேப்பர் செருகி, காற்றுப் போகிற அலமாரியில் நிறுத்தி வை. பிளாஸ்டிக் கவரில் கட்டினால் பூசணம் வரும். பிடிக்காத பக்கத்துக்குத்தான் ப்ரைமர் இருக்கிறதே.